வடசென்னையில் ஒரு தத்துவச் சபையின் கிளை வரலாற்றை எழுதப் புகுவோருக்கு

ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒரு இளைஞர் எங்கள் கிளையின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பெஞ்சை மடக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்பார். "ஐயா, மலருக்குக் கிளை வரலாறு எழுதச் சொல்லியிருக்காங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்பார். கையில் பழைய மலர் ஒன்று இருக்கும். அதில் உள்ள இரண்டு பக்கத்தைப் பார்த்து எழுதி, கடைசியில் இன்றைய நிர்வாகிகள் பெயரைச் சேர்த்தால் வேலை முடிந்தது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருப்பார்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய மலரும் அதற்கு முந்தைய மலரைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. நான் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் கிளையின் தாள்களை அடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். சைவ சித்தாந்தம் படிக்கிற சிறிய கிளைதான். அந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கிளையின் வரலாறு தலைவர்களின் பட்டியலில் இல்லை. வரவு செலவுப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் கிளை எப்படிக் கிளையானது?

எழுதத் தொடங்குமுன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். "கிளை" என்ற சொல் ஒன்றாக இருந்தாலும் உறவு ஒன்றல்ல.

பிரம்மஞான சபையை (தியோசபிகல் சொசைட்டி) எடுத்துக்கொள்ளுங்கள். 1875இல் நியூயார்க்கில் தோன்றி, 1882 டிசம்பரில் அடையாற்றுக்கு வந்து, 1905இல் இங்கே சட்டப்படி பதிவான சபை அது. அங்கே ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தலைமையகம் சாசனம் கொடுக்கும். அதன்பிறகுதான் அது கிளை. ஆண்டறிக்கைகளில் எந்த ஊர்க் கிளை எந்த ஆண்டு சாசனம் பெற்றது என்று பட்டியலே போட்டிருப்பார்கள். இப்படி மேலிருந்து கீழே வந்த கிளைக்குப் பிறந்த தேதி தெளிவாக இருக்கும். தாளும் பெரும்பாலும் தலைமையகத்தில் இருக்கும்.

சைவ சித்தாந்த உலகத்தில் நடந்தது வேறு. சைவ சித்தாந்த மகா சமாஜம் அமைந்தது 1905இல். ஆனால் தூத்துக்குடி சைவ சித்தாந்த சபை 1883இலேயே இருந்தது. பாளையங்கோட்டை சைவ சபை 1886இல் தொடங்கியது. ஊர்ச் சபைகள் முதலில், பொதுவான பேரமைப்பு பிறகு. உங்கள் கிளையும் இப்படி முன்பே கூடிக்கொண்டிருந்து, பிறகு ஒரு பெரிய சபையோடு இணைந்திருந்தால், அதைத் தலைமையகம் "திறந்து வைத்தது" என்று எழுதுவது பிழை. இணைந்தது என்று எழுதுங்கள். அந்த ஒரு வினைச்சொல்லில்தான் முதல் தலைமுறையின் உழைப்பு நிற்கிறது.

மூன்றாவது வகையும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இராயப்பேட்டையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை கிளைகள் இருந்தன. 1907இல் அவர் தொடங்கிய இதழ் முதலில் 'ஒரு பைசாத் தமிழன்', பிறகு 'தமிழன்'. அந்த இதழில் கிளைச் செய்திகளும் வந்தன. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னாளில் சங்கத்தின் உயிர்ப்பு பெருமளவு தங்கவயலுக்குப் போனது. 'தமிழன்' 1926இல் மறுபடி அங்கிருந்துதான் வெளிவந்தது. இதிலிருந்து நமக்கு ஒரு பாடம்: தலைமையகம் சோர்ந்துபோன காலத்தில் அதன் வரலாறு கிளையின் பெட்டியில் இருக்கலாம். எங்களிடமே தலைமையகத்தின் சுற்றறிக்கைகள் ஒரு கட்டு இருந்தன. தலைமையகத்தில் அவை இல்லை.

பெயர்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு சபைக்கு ஒரே பெயர் என்று நினைத்துத் தேடினால் பாதித் தாள் கண்ணில் படாது. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்த வள்ளலாரை நம் பகுதியில் எல்லாரும் நம்மவராக நினைக்கிறோம். அவர் சென்னையை விட்டுப் போன பிறகு 1865இல் தொடங்கியது சமரச வேத சன்மார்க்க சங்கம். 1872இல் அதை அவரே சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். "வேத" போய் "சுத்த" வந்ததில் ஒரு கொள்கை மாற்றமே அடங்கியிருக்கிறது. பெயர் மாறினால் ஏன் மாறியது என்று கேளுங்கள்.

நம் ஊர்ச் சபைகளில் இன்னொரு மாற்றமும் நடக்கும். பதவிப் பெயர்கள் மாறும். பழைய ஏட்டில் அக்கிராசனர், காரியதரிசி, பொக்கிஷதார், அங்கத்தினர் என்று இருப்பவர்கள் பிந்தைய ஏட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் ஆகிறார்கள். எங்கள் ஏட்டில் ஒரே கையெழுத்துக்காரர், ஒரே மை. ஒரு பொதுக்குழு வரை "காரியதரிசி", அடுத்த பொதுக்குழுவிலிருந்து "செயலாளர்". யாரும் தீர்மானம் போடவில்லை. காலம் அவர் பேனாவுக்குள் புகுந்திருக்கிறது. இந்த மாற்றம் நடந்த பக்கத்தைக் குறித்துக்கொண்டால், தேதியில்லாத மற்றத் தாள்களை அதற்கு முன்னா பின்னா என்று பிரிக்க உதவும்.

தாள்கள் எங்கே இருக்கும்

கிளை அலுவலகத்தின் பீரோவில் இருப்பது கடைசி பத்து இருபது ஆண்டுத் தாள்தான். அதற்கு முந்தையது பழைய பொருளாளர்களின் வீட்டில் இருக்கும். செயலாளர் வீட்டில் என்றுதான் எல்லாரும் முதலில் தேடுவார்கள். செயலாளர் மாறும்போது நடவடிக்கைக் குறிப்பேட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். பொருளாளர் கணக்கை ஒப்படைப்பார், ரசீது அடிக்கட்டைகளையும் செலவுச் சீட்டுகளையும் "யாராவது கேட்டால்?" என்று தன்னிடமே வைத்துக்கொள்வார். அந்தப் பயம்தான் நமக்கு வரலாற்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய பொக்கிஷதாரின் மகளைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிய அம்மா. நடவடிக்கைக் குறிப்பேடு பற்றிக் கேட்டதும், "மினிட்ஸ் புக்கெல்லாம் நமக்குத் தெரியாது தம்பி. அப்பா டிரங்குப் பொட்டி ஒண்ணு பரண்ல கெடக்குது. எலி பூந்திருக்கும், பாத்து எறக்கு" என்றார். எலி புகுந்துதான் இருந்தது. ஆனால் இரும்புப் பெட்டியின் அடியில் ஆறு வரவு செலவுப் புத்தகங்கள், மணியார்டர் கூப்பன்கள் ஒரு கட்டு, சணல் கயிற்றில் கோத்த செலவுச் சீட்டுகள். அந்தக் கயிற்றை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கோத்த வரிசைதான் காலவரிசை. நீங்களும் அவிழ்க்காதீர்கள். கயிற்றோடு புரட்டி ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள்.

வடசென்னையில் தேடுகிறவர்கள் வெள்ளத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். 2015 மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் இருந்த எத்தனையோ பெட்டிகள் குப்பைக்குப் போயின. பரணில் இருந்தது பிழைத்தது. எனவே "உங்க வீட்ல பழைய புத்தகம் இருக்குதா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "பரண்ல என்ன இருக்குது?" என்று கேளுங்கள்.

கிடைத்த தாளுக்குச் செய்யக் கூடாதவை சில உண்டு. லேமினேஷன் கூடாது. செல்லோடேப் கூடாது, சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், தாளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கழற்றுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் போடாதீர்கள். எண் போடுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில். படம் எடுக்கக் கைபேசி போதும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதலில் அட்டையை எடுத்து, பிறகு வெற்றுப் பக்கம் உட்பட வரிசையாக எடுங்கள். வெற்றுப் பக்கத்தை ஏன் என்று கேட்பார்கள். அங்கே கூட்டம் நடக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கணக்குப் புத்தகத்தைப் படிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். பழைய கணக்கில் 0-8-0 என்று இருந்தால் ரூபாய், அணா, பை. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. சில காலம் இரண்டையும் கலந்து எழுதியிருப்பார்கள்.

எங்கள் புத்தகத்தில் ஒரு நாளைய செலவு இப்படி இருக்கிறது: பெட்ரோமாக்ஸ் வாடகை 0-8-0, பெஞ்சு வாடகை 0-6-0, கைவண்டிக் கூலி 0-3-0, வெற்றிலை பாக்கு 0-2-0, ஆகமொத்தம் 1-3-0.

நடவடிக்கைக் குறிப்பேட்டில் அந்தத் தேதியில் ஒன்றுமே இல்லை. கணக்கை மட்டும் வைத்துப் பாருங்கள். பெட்ரோமாக்ஸ் என்றால் இரவுக் கூட்டம். கூடிய இடத்தில் மின்விளக்கு இல்லை, அல்லது போதவில்லை. பெஞ்சு வாடகை என்றால் வழக்கமாக உட்காரும் பாய் போதாத அளவுக்கு ஆட்கள், அல்லது வெளியாள் ஒருவர் பேச வந்திருக்கிறார். கைவண்டி என்றால் இடம் அருகில் இல்லை. வழக்கமான ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் செலவு எதுவும் இல்லை. ஆக, அன்று வெளியிடத்தில் ஒரு சிறப்புக் கூட்டம் நடந்திருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி ஒரு அச்சகத்துக்கு நோட்டீசு அடித்த கூலி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு உறுப்பினர் வீட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த நோட்டீசைக் கண்டேன். திருவொற்றியூரில், கோயிலுக்கு அருகே, மூன்று இரவுகள் சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலுக்கு விரிவுரை. எந்த மலரிலும் அது இல்லை.

நடவடிக்கைக் குறிப்பேடு தீர்மானித்ததைச் சொல்லும். கணக்குப் புத்தகம் நடந்ததைச் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் நான் பொருளாளரை நம்புவேன். கட்டடம் கட்டத் தீர்மானம் ஏழு முறை நிறைவேறியிருக்கலாம்; செங்கல் வாங்கிய நாள் ஒன்றுதான்.

சந்தாப் பட்டியலையும் தெருவாரியாகப் பிரியுங்கள். உறுப்பினர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், என்ன வேலை பார்த்தார் என்பது கிளையின் முகத்தைக் காட்டும். எங்கள் பகுதிக் கிளையில் துறைமுக குமாஸ்தாக்கள், ரயில்வேக்காரர்கள், பெரம்பூர் பின்னி ஆலைக்காரர்கள், தங்கசாலைப் பக்கத்துக் கடைக்காரர்கள், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் என்று இருக்கிறார்கள். தெருப்பெயர் தேடும்போது கவனம்: சாதிப் பட்டங்கள் தெருப்பெயர்களிலிருந்து நீக்கப்பட்டிருப்பதால் பழைய ஏட்டில் இருக்கிற பெயரின் வால் இன்றைய பலகையில் இருக்காது. கதவிலக்கத்தில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. இன்று 40 என்று நிற்கிற வீட்டுக்குப் போய், பழைய ஏட்டின் 40 இதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பட்டியலில் யார் இல்லை என்பதையும் பாருங்கள். அடுத்த தெருவிலேயே வாழ்ந்தும் ஒரு சாதியார் பெயர்கூட இல்லையென்றால் அது தற்செயல் அல்ல. பெண்கள் பெயர் பல ஆண்டு இல்லை. திடீரென்று ஒரு நாள் "திருமதி" போட்டுக் கணவர் பெயரில் ஒரு ரூபாய் வரவு. அந்த அம்மாவின் சொந்தப் பெயர் என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. பேரன் வீட்டுத் திருமணப் பத்திரிகை ஒன்றில் கிடைத்தது. அந்த எட்டு மாதத்தை நான் வீணாகக் கருதவில்லை.

இடைவெளிகள்

ஏட்டில் மாதக்கணக்கில் எழுத்து இல்லாமல் போனால் "கிளை சோர்வுற்றிருந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு முன் ஊரில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது வடசென்னையிலிருந்து ஆயிரக்கணக்கில் மக்கள் வெளியேறினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு வீசும் என்ற அச்சத்தில் நகரமே பாதி காலியானது.

எங்கள் நடவடிக்கைக் குறிப்பேடு 1942 பங்குனியோடு நிற்கிறது. அடுத்த பக்கம் ஓராண்டு கழித்துத்தான். ஆனால் அந்தப் பொக்கிஷதாரின் கூப்பன் கட்டில் அதே காலத்தின் மணியார்டர்கள் இருந்தன: வேலூரிலிருந்து ஒருவர், செங்கல்பட்டிலிருந்து ஒருவர், ஆரணியிலிருந்து ஒருவர். ஆளுக்கு எட்டணா, ஒரு ரூபாய். கூப்பனின் கீழே சின்ன எழுத்தில், "சந்தா. புத்தகங்கள் பத்திரமா?" கிளை கூடவில்லை, ஆனால் கலையவும் இல்லை. நான் வரலாற்றில் அந்த ஆண்டுக்குத்தான் அதிகப் பக்கம் கொடுத்தேன்.

தேதியைச் சரிபார்ப்பது

எங்கள் கிளையின் பழைய மலர்கள் எல்லாவற்றிலும் தொடக்கம் 1936 என்று இருந்தது. முதல் ஏட்டில் இருப்பது "தாது வருஷம் மாசி மாதம்". தாது ஆண்டு 1936 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1937 ஏப்ரல் நடுவில் முடிகிறது. மாசி என்றால் பிப்ரவரி-மார்ச். ஆக 1937. யாரோ ஒருவர் பஞ்சாங்கத்தின் தலைப்பைப் பார்த்து ஆண்டை எடுத்துக்கொண்டார், மாதத்தைப் பார்க்கவில்லை. அதன்பின் வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். தை, மாசி, பங்குனி மூன்றும் வந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும் என்பதை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். மார்கழியின் பிற்பாதிக்கும் இது பொருந்தும்.

அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் ஒரே பெயர் திரும்ப வரும். பிரபவ 1927இலும் வரும், 1987இலும் வரும். திருநெல்வேலிப் பக்கத்து உறுப்பினர்கள் எழுதிய கடிதங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 824 அல்லது 825 கூட்டுங்கள். தனித்தமிழ்ப் பற்றுள்ளவர்கள் திருவள்ளுவர் ஆண்டு போடுவார்கள். அதிலிருந்து 31 கழிக்க வேண்டும்.

ஆண்டே இல்லாத நோட்டீசுகள்தான் பெரிய தலைவலி. "மார்ச் 14, ஞாயிறு மாலை 5 மணி" என்று மட்டும் இருக்கும். மார்ச் 14 ஞாயிற்றுக்கிழமையாக வந்த ஆண்டுகளை எழுதுங்கள்: 1937, 1943, 1948, 1954, 1965, 1971, 1976, 1982. இனி தாளைப் பாருங்கள். நன்கொடை அணாவில் இருந்தால் 1957க்கு முன் என்று பெரும்பாலும் சொல்லலாம். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ஆனால் "சென்னை-21" என்று இரண்டு இலக்கம் மட்டும் இருப்பதை வைத்து 1972க்கு முன் என்று சொல்லாதீர்கள். நம் மக்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மாநிலத்தின் பெயர் 'தமிழ்நாடு' என்று அச்சாகியிருந்தால் 1969க்குப் பின் என்று கொள்ள ஒரு காரணம் உண்டு, உறுதி இல்லை. அதற்கு முன்பே விரும்பி அப்படிப் போட்டவர்கள் இருந்தார்கள். மார்ச் 14 என்று மட்டும் இருந்த அந்த நோட்டீசில் காசு பைசாவில் இருந்தது. நான்கு ஆண்டுகள் மிஞ்சின. 1971 கணக்கில் மார்ச் முதல் வாரத்தில் நோட்டீசு அச்சுக் கூலி இருந்தது. மற்ற மூன்றிலும் இல்லை.

தொடக்கத் தேதி விஷயத்தில் என் கருத்து இது. முதல் கூட்டம் நடந்த நாள், தலைமையகம் ஏற்றுக் கடிதம் கொடுத்த நாள், பதிவான நாள், சொந்த இடத்துக்கு வந்த நாள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுங்கள். விழா எதைக்கொண்டு எடுப்பது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். அது வரலாறு எழுதுகிறவர் வேலை அல்ல.

பதிவு ஆவணம்

சங்கங்கள் முதலில் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாயின. பிறகு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 வந்தது. 1978இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு எண், ஆண்டு இரண்டும் கடிதத்தாளின் தலைப்பில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். விதிமுறைகளும் முதல் செயற்குழுவின் பெயர், தொழில், முகவரியும் அதில் வரும். அந்தத் தொழில் பத்தியைக் கட்டாயம் படியுங்கள்.

பலர் தடுமாறும் இடம்: கிளைக்குத் தனிப் பதிவு இருக்க வேண்டும் என்பதில்லை. தலைமையகத்தின் எண்ணையே கிளையும் தன் தாளில் போட்டுக்கொள்ளும். அதைக் கிளையின் எண் என்று நினைத்து ஆண்டைக் கணக்கிட்டால் கிளைக்கு இல்லாத வயது வந்துவிடும். எங்கள் விண்ணப்பத்தில் முதல்முறை வேறொரு சங்கத்தின் கோப்பு வந்து, மறுபடி அலைந்து, நாலு மாதம் போனது. நகல் வந்ததும் பெயரையும் எண்ணையும் அங்கேயே நின்று ஒப்பிடுங்கள்.

நூலகங்களுக்குப் போவது

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். அங்கே கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று தோன்றும். ஒரே நாளில் பார்க்காதீர்கள். ஒன்றிலேயே நாள் போய்விடும். நீண்டகாலம் லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த மறைமலை அடிகள் நூல் நிலையத்தின் தொகுப்பும் இப்போது கன்னிமாராவில்தான் இருக்கிறது. சித்தாந்தச் சபைகளின் பழைய மலர்களுக்கு அது நல்ல இடம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அடையாற்றில் 1886இல் தொடங்கிய அடையாறு நூலகம். அடையாள அட்டையோடு, கிளைத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும்.

இதழ்களில் 1897இல் தொடங்கிய 'சித்தாந்த தீபிகை'யைச் சித்தாந்தக் கிளைக்காரர்கள் தவறவிடக் கூடாது; சபைகளின் கூட்டச் செய்திகள் அதில் வரும். கடவுள் மறுப்புப் பக்கம் தேடுகிறவர்களுக்கு 1882 முதல் 1888 வரை வந்த 'தத்துவ விவேசினி'. அதை நடத்திய சென்னை இலௌகிக சங்கத்தார் இலண்டனில் இருந்த சுயசிந்தனையாளர்களோடு தொடர்பு வைத்திருந்தவர்கள். சித்தாந்திகளும் அவர்களும் ஒரே ஊரில் ஒருவரை ஒருவர் மறுத்து எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எதிரணியின் இதழைப் படியுங்கள். நம் சபையின் கூட்டத்தை நம்மவர்களைவிட விரிவாக எதிராளி எழுதியிருப்பார்.

அதிகம் பேர் அறியாத ஒரு மூலம் உண்டு. 1867ஆம் ஆண்டு அச்சுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களின் பட்டியலை அரசு காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட்டது. நூலின் பெயர், அச்சகம், எத்தனை பிரதி, விலை எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கிளை ஒரு சின்ன விரிவுரைப் புத்தகம் போட்டிருந்தால், புத்தகம் அழிந்துபோயிருந்தாலும் அது 500 பிரதியா 1000 பிரதியா என்று அங்கே தெரியலாம்.

பெரியவர்களிடம் கேட்பது

"நீங்க எந்த வருஷம் சேர்ந்தீங்க?" என்று தொடங்கினால் அவர்கள் தடுமாறுவார்கள், நமக்கும் தவறான எண் கிடைக்கும். பொருளை வைத்துக் கேளுங்கள். இந்த மர அலமாரி எப்படி வந்தது, இந்தப் படத்தை யார் மாட்டினார், மழை வந்தால் எங்கே உட்காருவீர்கள். ஒரு பெரியவரிடம் எங்கள் கிளையின் மணியைக் காட்டினேன். "அது மில்லு சங்கு ஊதறதுக்கு முன்னாடி அடிக்கணும்னு வாங்கினது தம்பி. ரெண்டாவது ஷிப்ட் ஆளுங்க வகுப்புலேருந்து எழுந்து போவணுமில்ல" என்றார். வகுப்பு ஏன் ஒன்றே கால் மணி நேரம் என்று பலகாலம் எனக்கு இருந்த கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது. சொன்னதை ஏட்டோடு ஒப்பிடுங்கள். ஒப்பவில்லையென்றால் இரண்டையும் எழுதுங்கள். பெரியவர் சொன்னதை வெட்டாதீர்கள். உயிரோடு இருக்கிறவர்களின் பெயரை அச்சில் போடுமுன் அவர்கள் சம்மதம் வேண்டும்.

என்ன படித்தார்கள்

தத்துவச் சபையின் வரலாற்றில் பெரும்பாலும் விட்டுப்போவது தத்துவம்தான். தேர்தல், கட்டடம், விழா எல்லாம் இருக்கும். என்ன நூலை எத்தனை காலம் படித்தார்கள் என்பது இருக்காது. வருகைப் பதிவேட்டின் ஓரக் குறிப்புகளிலிருந்து இதைத் தொகுக்கலாம். சிவஞானபோதம் 12 சூத்திரம், நாற்பதே வரி. எங்கள் கிளை அதை முடிக்க இரண்டரை ஆண்டு எடுத்திருக்கிறது. "எட்டாம் சூத்திரம் தொடர்ச்சி" என்றே ஐந்து மாதம். இறைவனே குருவாக வந்து ஐம்புல வேடரிடையே வளர்ந்த உயிருக்கு அதன் நிலையை உணர்த்தும் இடம் அது. பகலெல்லாம் மூட்டைக் கணக்கு எழுதிய மனிதர்கள் அங்கே நின்று ஐந்து மாதம் யோசித்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் வருகை குறையவில்லை, கூடியிருக்கிறது. உங்கள் கிளை வேதாந்தமோ பௌத்தமோ எதைப் படித்தாலும், இந்தப் பட்டியலைக் கட்டாயம் போடுங்கள்.

பிரிவினையை எழுதுவது

எல்லாக் கிளையிலும் ஒரு பிரிவு நடந்திருக்கும். மலர்களில் "சில காரணங்களால்" என்று இருக்கும். அந்தச் சொற்றொடரை உங்கள் கட்டுரையில் அனுமதிக்காதீர்கள். இரு தரப்பின் தாளையும் தேடுங்கள். விலகிப் போனவர்கள் தொடங்கிய சபையிலும் ஒரு பொருளாளர் இருந்திருப்பார். தீர்மானத்தை அதன் சொற்களிலேயே கொடுங்கள். குற்றச்சாட்டை மட்டும் எழுதி மறுப்பை விடாதீர்கள். இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் வாழ்கிறார்கள் என்பது நினைவில் இருந்தால் போதும், நடை தானாகச் சரியாகும்.

எழுதி முடித்த பின்

தலைவர்வாரியாகப் பிரிக்காமல் கூடிய இடங்களை வைத்துப் பிரித்தால் எழுத எளிது: திண்ணையில் கூடிய காலம், பள்ளிக்கூடத்தில் கூடிய காலம், சொந்தக் கூடத்தில். ஒவ்வொரு செய்திக்கும் எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று பென்சிலால் உங்கள் பிரதியில் குறித்து வையுங்கள். அச்சானதும் கன்னிமாராவுக்கு ஒரு பிரதி சட்டப்படி அனுப்ப வேண்டும். ரோஜா முத்தையாவுக்கு ஒன்று கொடுங்கள். தாள் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று, நேரில் போய். கொருக்குப்பேட்டை அம்மாவிடம் நான் கொண்டுபோனபோது அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பா பெயர் வந்த பக்கத்தை மட்டும் மூன்று முறை படித்துவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேனா என்று கேட்டார். வைத்துவிட்டிருந்தேன். வாங்கிய பெட்டியை வாங்கிய இடத்தில் வையுங்கள். படங்கள் உங்களிடம் இருக்கின்றன.

இப்போதைய கூட்ட அறிவிப்புகள் வாட்ஸாப்பில்தான் வருகின்றன. மாதக் கடைசியில் அவற்றை ஒரு தாளில் அச்செடுத்து, கணக்குப் புத்தகத்தோடு கோத்துவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் கிழமையோடு ஆண்டையும் போடச் சொல்லுங்கள்.